ஒயர் மாட்டிய தலை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மகனுக்குப் பெண் பார்க்க வந்த ஆயிஷா பீவி, பெண்ணைப் பார்க்குமுன்பே முகத்தைச் சுளித்தார்.

"உங்க மக தலையில மதுரை ஆஸ்பத்திரியில ஒயர் மாட்டி, மூளை அலையைப் படம் எடுத்தாகளாமே. காதுல குரல் கேக்குற சீக்குக்குத்தான் அதை எடுப்பாக. கெட்டுப்போன மண்டையை எங்க தலையில கட்டப் பாத்தீகளோ?"

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்து மானத்தோடு வாழும் பிச்சை முகம்மது பதறினார். மகளின் திருமணம் கண்ணெதிரே கலைந்துகொண்டிருந்தது.

"அது ஆராய்ச்சிம்மா. சீக்குத் தலையோட ஒப்பிட்டுப் பாக்க நல்ல தலையும் வேணும்னு டாக்டர் கேட்டாக. ஆஸ்பத்திரிக்குத் துணி குடுக்க என்கூட வந்தவ, சரின்னு உக்காந்தா."

"நல்ல தலைக்கு அங்க என்ன சோலி?" என்று உதட்டைப் பிதுக்கினார் ஆயிஷா பீவி.

உள்ளிருந்து மகள் சம்சாத் வெளியே வந்தாள்.

"மாமி, நான் எந்திரிச்ச பொறவு அதே கட்டில்ல ஒயரோட படுத்தது உங்க மகன்."

ஆயிஷா பீவி அவசரமாக முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மாத்திரை சாப்பிட்டு, இப்ப ஒழுங்கா வேலைக்குப் போறாக. நல்ல மனுசர். தெரிஞ்சுதான் சம்மதிச்சேன், அத்தாகிட்டகூடச் சொல்லலை. ஆனா பெத்த தாயே அதைக் கெட்ட மண்டைன்னு சொல்லுற வீட்டுக்கு நான் வரலை."