ஏழாம் கலம்

"அண்ணே, அந்த ஆள் மறுபடியும் கை வெச்சுட்டான்," என்றார் போனில் கூட்டாளி.

டி.வி.யில் வரும் விண்வெளித் தொடரில் தலைகாட்டும் குட்டி விண்கலங்களுக்கெல்லாம் ரசிகர்களான நாங்கள் இணையத்தில் பட்டியல் போடுகிறோம். ஏழாம் கலம் புயலுக்குள் போனது; அப்புறம் தொடரில் வரவே இல்லை. நான் 'அழிந்தது' என்று எழுதினால், யாரோ அதை 'இன்னும் திரும்பவில்லை' என்று மாற்றுகிறார்கள்.

"பேசிப் பார்த்தீங்களா?"

"'உடைஞ்சதை யாராவது பார்த்தீங்களா'ன்னு அதையே திருப்பித் திருப்பிக் கேக்கறான்."

"புயல்ல போனது முழுசாவா வரும்? விதண்டாவாதம். இனிமே எழுத முடியாதபடி ஆளை வெளியே தள்ளுங்க."

தள்ளிவிட்டார்.

தண்ணீர் குடிக்க எழுந்தேன். எப்போதும் சாத்தியே கிடக்கும் மகனின் அறை திறந்திருந்தது. அவனுடைய கம்ப்யூட்டர் முன்னால் என் மனைவி. அந்தத் தொடரை ஒரு நாளும் பார்க்காதவள்.

"என்னங்க, இதுல எழுத விடமாட்டேங்குது."

திரையில் ஏழாம் கலம்.

"உனக்கெதுக்கு இதெல்லாம்?"

அவள் திரும்பவில்லை. "அவன் படகும் புயல்லதானே போச்சு. உடைஞ்சதை யாரு பார்த்தா?"

கூட்டாளிக்குப் போன் போட்டேன். "அவங்களை உள்ளே விட்டுடுங்க. அவங்க எழுதினதே இருக்கட்டும்."

"என்னண்ணே, திடீர்னு?"

"நானும் பார்க்கலை," என்றேன்.