விழுந்த மரத்தின் முதுகில்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, தியான்ஷான் மலைக்காட்டில் ஒரு ரம்பம் தயங்கி நிற்பதைச் சொல்கிறேன். மத்தியானமே இருட்டிக்கொண்டு வருகிறது. கிழட்டு ஊசியிலை மரங்களின் உச்சியில் பனிமேகம் இறங்கியிருக்க, கீழே ஈரமும் பிசின் வாடையும்தான். ஜிப்பாரின் மாமனார் காலத்தில் விழுந்த மரம் ஒன்றின் இரு பக்கமும் அவளும் அவள் புருஷன் எசென்பெக்கும் ஆளுக்கொரு பிடியாக ரம்பத்தைப் பிடித்திருக்கிறார்கள். நிற்கும் மரத்தைத் தொடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. விழுந்தவற்றில் நல்லதையெல்லாம் ஊர்க்காரர்கள் இழுத்துப் போய்விட்டார்கள். மிச்சம் இது ஒன்றுதான். மேலே பாசி மெத்தையாக மூடியிருந்தாலும் உள்ளே வைரம் இன்னும் கெட்டி. அந்தப் பாசியில் விரல் உயரக் கன்றுகள் வரிசையாக முளைத்து நிற்கின்றன. தரையில் ஒன்றுகூட இல்லை. முளைத்ததையெல்லாம் இவர்கள் வீட்டு ஆடுகளே மேய்ந்துவிட்டன. ஜிப்பாரின் கை அசையாமல் நிற்கிறது.

“இழு புள்ள. மரத்துக்குத் தாலாட்டா பாடுறே?”

“இந்தக் காட்டுக்கு இதுங்கள விட்டா வேற குஞ்சு இல்லைங்க.”

“வீட்ல கெடக்குற நம்ம குஞ்சுக்கு நெஞ்சு கீச்சுக்கீச்சுங்குது. நாளைக்குப் பனி விழுந்தா அடுப்புல எத வைப்பே, பாசியையா?”

அவள் குனிந்து, ரம்பத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள். அவன் இழுக்கிறான், அவள் இழுக்கிறாள். ஒவ்வொரு இழுப்புக்கும் கன்றுகளெல்லாம் ஒன்றாகத் தலை நடுங்குகின்றன. ஈர மரத்தூள் மஞ்சளாக அவள் காலடியில் குவிகிறது.

உங்கள் வீட்டு அடுப்பு என்றைக்கும் அணையாமல் இருக்கட்டும். அதற்காக இப்படி ஒரு மரத்தை அறுக்கும் நாள் உங்கள் வீட்டுக்கு வராமலே போகட்டும்.