தூதன் பொய் சொல்லாத நாடு

"தூதனே, அருகில் வா" என்றாள் ராணி.

தூதன் வந்து மண்டியிட்டான்.

அட்டைக் கிரீடம் அவள் நெற்றியில் இறங்கியிருந்தது. ஈட்டி பிடித்து நின்ற காவலர்களில் ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வங்கியில் காசாளர். மூடிப்போன மரச்சாமான் தொழிற்சாலைதான் அரண்மனை.

வளர்ந்த ஆட்கள் ஞாயிறுதோறும் கூடி, தாங்களே கற்பனையில் கட்டிய ஒரு நாட்டில் வாழ்ந்து பார்க்கிற விளையாட்டு இது. எழுதிவைத்த வசனம் கிடையாது. அந்த நாட்டின் சட்டங்கள் மட்டும் உண்டு.

அவற்றை இம்மி பிசகாமல் காப்பதில் தூதன் கறார் பேர்வழி. கைக்கடிகாரத்தோடு வந்த புது ஆளை, இந்த நாட்டில் கடிகாரமே கிடையாது என்று வாசலிலேயே மடக்கியவர். கூட்டத்தில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர். வெளியே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார்.

ராணி அவருடைய மனைவி.

மகள் போன பிறகும் அவர் ஒரு ஞாயிறைக்கூட விடவில்லை. அது அவளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு வேஷம் கட்டப் போகிறாரே என்று சொந்தக்காரர்கள் பேசியபோது அவள் மறுத்துப் பேசவில்லை.

பிறகு ஒருநாள் அவளே, நானும் வரட்டுமா என்று கேட்டாள்.

மனிதர் நெகிழ்ந்துபோனார். பக்கத்தில் உட்காரவைத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். தூதன் பொய் சொல்ல மாட்டான், சொன்னால் அந்த இடத்திலேயே செத்து விழுவான், இதை மட்டும் எங்களில் யாரும் மீறியதே இல்லை என்றார்.

அவள் வந்ததே அதற்காகத்தான். வீட்டில் அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். வீட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

சபை காத்திருந்தது. எல்லையில் எதிரிப் படை எவ்வளவு என்று ராணி கேட்க வேண்டிய இடம் அது.

"கடைசி பஸ்ஸ விட்டுட்டு நின்னப்ப நம்ம பொண்ணு உங்களுக்குத்தானங்க ஃபோன் பண்ணா? அது அடிச்சது உங்களுக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ராணி செந்தமிழை விட்டுவிட்டாள். அந்த நாட்டில் பஸ்ஸும் கிடையாது, ஃபோனும் கிடையாது. சட்டாம்பிள்ளை திருத்துவார் என்று எதிர்பார்த்தார்கள்.

அவர் திருத்தவில்லை.

அந்த வாரம் முழுக்க அப்பாவும் மகளும் முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. ஒன்றுமில்லாத ஒரு சண்டை. ஃபோனை யாரும் எடுக்காததால் அவள் இருட்டில் நடந்தே கிளம்பியிருக்கிறாள். திருப்பத்தில் வந்த லாரிக்காரன் அவளைப் பார்க்கவில்லை.

"கேக்கல" என்றார் அவர். "அசந்து தூங்கிட்டேன்."

வீட்டில் சொல்கிற அதே பதில். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இங்கேயும் இதுதானா என்று அவளுக்கு வெறுத்துப்போனது. ஒருவேளை உண்மையாகவே தூங்கித்தான் இருப்பாரோ, இத்தனை நாளாக வீணாகத்தான் அவரைக் கரித்துக்கொட்டினோமோ என்றுகூடத் தோன்றியது. போதும், வீட்டுக்குப் போகலாம் என்று கிரீடத்தைக் கழற்றினாள்.

தூதன் எழுந்திருக்கவில்லை.

ஒரு கையைத் தரையில் ஊன்றினார். பிறகு யாரையும் பார்க்காமல், மெதுவாக, அந்தச் சிமெண்டுத் தரையில் சரிந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.