இன்னும் முடியாத ஆறு மாதம்

“மாப்பிள்ளை, இன்னைக்கு நானும் உங்ககூட ஆபீசுக்கு வர்றேன்.”

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. மாமனார் முந்தின நாள்தான் மகள் வீட்டுக்கு வந்து இறங்கியிருந்தார். வந்தவர் சும்மா இருப்பாரா? மருமகன் உட்காரும் நாற்காலியை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டுமாம். திரும்பிப் போனால் நாலு பேரிடம் சொல்ல விஷயம் வேண்டுமல்லவா?

கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்கிற கட்சிக்காரர் அவர். வசதியான இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்துவிட்டு இவனுக்குப் பெண்ணைக் கொடுத்ததே நகராட்சி ஆபீஸ் வேலை என்ற ஒரு வார்த்தைக்காகத்தான்.

“அதுக்கென்ன மாமா, வாங்களேன்” என்று வாய் சொன்னது. கால் வாசலைப் பார்த்து நகர்ந்தது.

“கழுத்துல மாட்டுற அட்டை எங்கே? உங்க போட்டோகூட இருக்குமே, காட்டுங்க பார்க்கலாம்.”

கழுத்தில் நாடா இருந்தது. நாடாவின் முனை சட்டைப் பைக்குள் போயிருந்தது. ஆனால் பைக்குள் அட்டை இல்லை. அதை நேற்று மாலையே ஆபீசில் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார்கள். அவன் பையின் மேல் கையை வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

நல்லவேளை, அடுப்படியிலிருந்து மனைவி சாப்பாட்டுப் பையோடு வந்தாள்.

“அப்பா, அவரை விடுங்க, பஸ் போயிடும். ஆபீசுக்கு நீங்க நாளைக்குப் போங்களேன். அடுப்பு ரெண்டு நாளா சரியா எரியல, இன்னைக்கு அதைக் கொஞ்சம் பாருங்க.”

மாமனாரின் கையில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் மறந்துவிடும். அவர் அடுப்பைப் பார்க்கப் போனார். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் பையைக் கொடுத்துவிட்டு, ஆணியில் தொங்கிய குடையையும் எடுத்து நீட்டினாள். மழைக்கு ஒரு பொட்டு மேகமில்லை. எதற்குக் குடை என்று கேட்டால் பேச்சு வளரும். இந்த மாதிரி நாட்களில் அவன் பேச்சை வளர்ப்பதே இல்லை. வாங்கிக்கொண்டு படியிறங்கினான்.

பஸ் ஆபீஸ் நிறுத்தத்தில் நின்றது. அவன் இறங்கவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டி, பூங்கா வாசலில் இறங்கினான்.

“வாங்க சார். மறுபடியும் வெளியே தள்ளிட்டாங்களா?” என்றார், செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர். ஆபீசுக்கு வெளியே அவன் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

ரகசியம் வேறொன்றுமில்லை. அவன் தற்காலிகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஒரே ஒரு நாள், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். மறுநாள் அதே நாற்காலியில் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று அவன் நாளைக்கு உரிமை கேட்டுவிடக் கூடாதல்லவா? இப்படிப் புதிதாகச் சேர்ந்து சேர்ந்தே அவனுக்குக் காதோரம் நரைத்துவிட்டது. ஊரில் யார் பிறந்தாலும் இறந்தாலும் சான்றிதழ் அடித்துக் கொடுப்பது அவன்தான். அவன் உத்தியோகம் பார்க்கிறான் என்பதற்குத்தான் சான்றிதழ் கிடையாது.

மரத்தடி பெஞ்சில் வேறு யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெயிலில் கிடந்த பெஞ்சுதான் காலி. அவன் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டான்.

தோட்டக்காரர் கேட்டார், “வீட்ல சொல்லிட்டா என்ன சார்? தலையையா வாங்கிடப் போறாங்க?”

“கல்யாணத்தப்போ, ‘ஆறு மாசத்துல நிரந்தரம் பண்ணிடுவோம்’னு மேனேஜர் சொன்னாருண்ணே. சரி, ஆனதுக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன். பொண்ணு பள்ளிக்கூடமே போக ஆரம்பிச்சுட்டா. அந்த ஆறு மாசம் இன்னும் முடியல.”

மாமனாரைப் பற்றிக்கூட அவனுக்குப் பெரிய பயமில்லை. கத்துவார், ஊருக்குப் போய்விடுவார். மனைவிதான். அக்கம்பக்கத்தில் ‘எங்க வீட்டுக்காரர் கவர்மெண்ட்’ என்று சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைத் தன் கையாலேயே அணைக்க அவனுக்கு மனசு வரவில்லை. அவளை ஏமாற்றுகிறோமே என்று நெஞ்சு அறுத்துக்கொண்டேதான் இருந்தது.

மதியம் பையைத் திறந்தான். சாப்பாட்டோடு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர் வைத்திருந்தாள். அவனும் குடித்துத் தோட்டக்காரருக்கும் கொடுத்தான். “நல்ல பொம்பளை சார்” என்றார் அவர். அதைக் கேட்டதும் அவன் மீதிச் சோற்றை மூடி வைத்துவிட்டான்.

ஆபீஸ் விடுகிற நேரத்துக்குச் சரியாகக் கிளம்பி வீட்டுக்கு வந்தான். அடுப்பு ஜோராக எரிந்துகொண்டிருந்தது. மாமனார் அதன் பக்கத்திலேயே பெருமையாக நின்றிருந்தார்.

“என்ன மாப்பிள்ளை, முகமெல்லாம் கறுத்துப் போயிருக்கு. இன்னைக்கு வேலை ஜாஸ்தியோ?”

“ஆமா மாமா. தலை நிமிர நேரமில்லை.”

நாளைக்கு எப்படியும் வந்தே தீருவேன் என்றார் மாமனார். தாராளமாக வாங்க என்றான் அவன். நாளைக்கு நாற்காலியும் இருக்கும், கழுத்தில் அட்டையும் இருக்கும். இன்னொரு தடவை தப்பித்தாயிற்று.

மனைவி வந்து பையையும் குடையையும் வாங்கிக்கொண்டாள். பையின் அடியில் ஒட்டியிருந்த காய்ந்த புல்லை, அப்பா பார்ப்பதற்குள் தட்டிவிட்டாள். குடையை ஆணியில் மாட்டிக்கொண்டே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“இனி மூணு மாசத்துக்கு இது வேண்டாமில்ல?”