கணப்போரம் வைத்த பூட்ஸ்

பூட்ஸின் அடிப்பாகம் இரண்டும் வாய் பிளந்து கிடந்தன.

இஷ்பெல்லுக்குப் பகீரென்றது. நனைந்த தோலைக் கணப்பு நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று இந்த மலைப்பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தங்கள் விடுதிக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தவன் அவள் கணவன் மர்டோ.

“யார் பார்த்த வேலை இது?”

“நான்தான் வெச்சேன்,” என்றான் மர்டோ, ஓட்ஸ் கஞ்சியைக் கிண்டியபடி.

“அட மனுஷா, இது நேத்து வந்து தங்கின அந்தத் தம்பி லாக்லனோடது. இன்னிக்கு அவன் சதுப்பு நிலத்தைத் தாண்டணும்.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா வெச்ச?”

மர்டோ கரண்டியை நிறுத்தவில்லை.

மலையில் நடக்க வந்த மற்றவர்கள் விடிந்ததுமே கிளம்பிவிட்டார்கள். நேற்று மாலை எல்லோருமாக உட்கார்ந்து தண்ணீர் புகாமலிருக்கப் பூட்ஸுக்கு மெழுகு தேய்த்தார்கள். காய்ந்த காலுறையைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினார்கள். கிளாஸ்கோ பெண் ஒருத்தியின் காலுறைகள் எல்லாமே நனைந்திருந்தன. லாக்லன் தன்னுடையதை எடுத்து நீட்டினான்.

“உனக்கு?” என்று இஷ்பெல்தான் கேட்டாள்.

“பையில இன்னொண்ணு இருக்கும்மா.”

மாற்றுக் காலுறை இருக்கிறதா என்று கேட்காமல் யாரையும் அனுப்ப மாட்டாள் அவள். பல வருடங்களுக்கு முன் அவர்களுடைய ஒரே மகன் ரோரி, அவள் பின்னிக் கொடுத்த காலுறையை அவளது நூல் கூடையிலேயே விட்டுவிட்டுச் சதுப்பில் இறங்கினான். அக்கரை போய்ச் சேரவில்லை. “மறதிக்காரப் பிள்ளை,” என்று நேற்றும் சொல்லிப் பெருமூச்சு விட்டாள். “ஆமா,” என்றான் மர்டோ, வழக்கம்போல.

லாக்லன் வந்தான். பூட்ஸைப் பார்த்தான். கோபமே இல்லை அவன் முகத்தில்.

“பரவாயில்லம்மா. சாதா ஷூவுலயே போயிடறேன்.”

“அதைப் போட்டுட்டுக் கோழி பிடிக்கக்கூடப் போக முடியாது,” என்றான் மர்டோ. “உட்காரு. கஞ்சியைக் குடி. உப்புதான் போட்டிருக்கேன். சர்க்கரை கேட்டேன்னா வெளியே தள்ளிடுவேன்.”

“நான் இன்னிக்கே போகணும்.”

“கெடுத்தது நான். புதுசு வர்ற வரைக்கும் நீ எங்க விருந்தாளி. கணப்புல போடற எரிமண் கட்டி மலையாட்டம் குவிஞ்சு கிடக்கு, அடுக்க ஆளில்ல.”

லாக்லன் உட்கார்ந்தான்.

இஷ்பெல் கணவனைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துப் போனாள்.

“உனக்கு வெட்கமா இல்ல? கையில இருந்ததைத் தூக்கிக் குடுத்த பிள்ளைடா அது. அவனுக்குப் போய் இப்படிப் பண்ணி, கூலியில்லாத வேலைக்கு ஆள் பிடிக்கறியா?”

“மெதுவாப் பேசு. பதிவேட்டுல அவன் எழுதியிருந்த நம்பர்ல அவன் அக்காவுக்கு போன் பண்ணிட்டேன். பகல் பஸ்ஸுல வர்றா.”

“அக்காவா? எதுக்கு?”

“அவன் பையைத் தூக்கினேன், காத்தாட்டம் இருந்துச்சு. பிரிச்சுப் பார்த்துட்டேன். இன்னொரு ஜோடி சாக்ஸ் இல்ல. சாப்பாடும் இல்ல.”

“மறந்திருப்பான்.”

“மறந்தவன் இருந்ததையும் எடுத்துக் குடுப்பானா, இஷ்பெல்? நடக்கறதுக்கா காஞ்ச சாக்ஸ்? சதுப்புல இறங்கினா கால் நனையத்தான் செய்யும். அது ராத்திரி போட்டுக்கறதுக்கு. தனக்கு ராத்திரி ஒண்ணு இருக்குன்னு நெனக்கிறவன் அதை விட்டுட மாட்டான்.”

இஷ்பெல் உள்ளே திரும்பிப் பார்த்தாள். திறந்திருந்த கதவு வழியே, கணப்போரம் அவளுடைய நூல் கூடை தெரிந்தது.

“மர்டோ... ரோரி மறந்துதானே வெச்சுட்டுப் போனான்?”

இத்தனை வருடமாக அதற்கு ‘ஆமா’ என்று சொல்லிவந்தவன், முதல்முறையாகத் தலையைக் குனிந்துகொண்டான்.