காளியண்ணனின் ஓட்டு

மலாய்நாட்டுச் சிற்றூரான பத்தாங் காலியில் மாலை மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. மதார் சாகிபுவின் சாப்பாட்டுக் கடையில், ஈரத் தெருவின் வெளிச்சம் பளிங்கு மேசைமேல் வந்து கிடக்கிறது. தேர்தல் நெருங்கிவிட்டது. லோரி ஓட்டும் சோமு அரிசி விலையில் தொடங்கி, தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் குழாய்த் தண்ணீர் வராததைச் சொல்லி, கட்சிகளிடம் வந்து சேர்ந்திருக்கிறான். "இந்தத் தடவ எதிர்க்கட்சிக்குத்தான் பாய்." "போட்டா மட்டும் ரோட்டுக் குழி மூடிருமா லா?" என்கிறார் மதார் சாகிபு, தேநீரை ஆற்றியபடி. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் காளியண்ணன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். சோமு அவர் பக்கம் திரும்புகிறான். "நீங்க யாருக்குண்ணே?"

காளியண்ணன் கோப்பையைத் தட்டில் வைக்கிறார். "எனக்கு ஓட்டு இல்ல சோமு. என்னோடது சிவப்பு ஐசி, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்குற அடையாள அட்டை. கெர்லிங் தோட்டத்துல பொறந்தவன்தான், ஆனா பொறப்புப் பத்திரம் இல்ல. குடியுரிமை கேட்டு மூணு தரம் எழுதிப் போட்டுட்டேன்."

"போன தேர்தலுக்கு எங்ககூடத்தான வந்தீங்க?"

"வந்தேன். ஓட்டுப் போடுற பள்ளிக்கூட கேட்டுக்கு வெளியவே நின்னுட்டேன். நீங்க வரிசையில நின்னீங்க, கவனிக்கல."

தேநீர் ஆற்றும் சத்தம் நிற்கிறது. சோமு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போடுகிறான். பிறகு தணிந்த குரலில், "இந்தத் தடவ என் ஓட்ட யாருக்குப் போடணும்னு நீங்க சொல்லுங்கண்ணே" என்கிறான்.

காளியண்ணன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைக்கிறார்.

"ரெண்டு கட்சிக்காரங்களும் என்ன பேசுறாங்கன்னு கேட்டுட்டுத்தான் சொல்லணும்" என்கிறார். "நாளைக்குக் கட்சிக் கூட்டம் எத்தன மணிக்கு?"