வெள்ளையம்மாளின் ரத்தம்

சாயல்குடி உப்பளத்தில் வேலை செய்யும் வெள்ளையம்மாளைக் கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. வீங்கிய காலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். விரியன் விஷத்தின் நொதிகள் ரத்தத்தை உறைய விடுவதில்லை. சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். ரத்தப் பரிசோதனை செய்யும் கோகிலா, அவள் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து இருபது நிமிடம் கழித்துச் சாய்த்துப் பார்த்தாள். கெட்டியாக உறைந்திருந்தது.

“இதுக்கு முன்னாடி பாம்பு கடிச்சிருக்காக்கா?”

“ஆறு தடவ கடிச்சிருக்கு தாயி. தானா சரியாயிரும். இந்தத் தடவ மகதான் இழுத்துட்டு வந்துட்டா.”

கோகிலாவுக்கு அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

டாக்டர் ஒரு நாள் படுக்க வைத்துப் பார்த்தார். வீக்கம் வடிந்தது. மறுநாள் வெள்ளையம்மாள் நடந்தே போய் பஸ் ஏறினாள்.

அந்தக் குழாயைத் தூக்கிப்போட மனமில்லாமல் கோகிலா ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். நான்காம் நாள் எடுத்தாள். பக்கத்துக் குழாய்களெல்லாம் சில்லிட்டிருக்க, அது மட்டும் அவள் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.